இன்ஸ்புரூக் இரவுக்குப் பிந்தைய புள்ளிகள்

2025 பிப்ரவரி 20

ஐஸ் ஹாக்கி வீரர் பீட்டர் ஸ்டாஸ்ட்னியின் ஆட்டக் கணக்கை இன்றிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். அந்தக் கோலுக்காக, பந்துக்குப் பதிலாக அமைந்த ‘பக்’ என்னும் வட்டத் தட்டைக் கடத்திக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி உண்டு. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் 977 ஆட்டங்களில் அவர் பெற்ற 1,239 புள்ளிகளில் 450 மட்டுமே அவரே அடித்த கோல்கள்; மீதி 789 பிறர் கோல் அடிக்க அவர் வழிசெய்தவை. அந்தப் பட்டியல் 1980இல், அவருடைய 24ஆம் வயதில் தொடங்குகிறது. அதற்கு முன்பே அவர் செக்கோஸ்லோவாக்கிய அணியில் 1976, 1977 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகச் சாம்பியனாகியிருந்தார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

பிப்ரவரி 22

1981இல் இதே நாளில், பீட்டர் ஆடிய கனடாவின் கியூபெக் நோர்டிக்ஸ் அணி வாஷிங்டனை 11–7 என்று வென்றது. பீட்டர் நான்கு கோல் அடித்து நான்கிற்கு வழிவகுத்தார். தம்பி ஆன்டன் மூன்று கோல் அடித்து ஐந்திற்கு வழிவகுத்தார். இருவருக்கும் தலா எட்டுப் புள்ளிகள். அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் வான்கூவரில் இருவரும் ஆளுக்கு மூன்று கோல் அடித்திருந்தார்கள். சிறுவயது முதல் ஒரே பனித்தளத்தில் ஒன்றாக வளர்ந்தவர்களுக்கு, உடன்பிறந்தவன் எங்கே நிற்பான் என்பதைத் திரும்பிப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. அந்த எட்டுப் புள்ளிகளை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பிப்ரவரி 24

இன்று முழுவதும் இன்ஸ்புரூக் நினைவாகவே இருந்தது. 1980 ஆகஸ்டில், பீட்டர் அப்போது ஆடிய, கம்யூனிச ஆட்சியிலிருந்த செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா அணி ஐரோப்பியக் கோப்பைக்காக ஆஸ்திரியாவின் அந்த நகருக்கு வந்திருந்தபோது, நோர்டிக்ஸ் அணியின் தலைவர் மார்செல் ஓபூ கனடாவிலிருந்து நேரில் வந்து சேர்ந்தார். பீட்டரும், நிறைமாதத்தை நெருங்கியிருந்த அவருடைய மனைவியும், ஆன்டனும் அணியைப் பிரிந்து வியன்னாவுக்குச் சென்று, அங்கிருந்து கனடாவுக்குப் பறந்தார்கள். மூத்தவர் மரியானும் அதே அணியில்தான் இருந்தார். ஆனால் அவருடைய மனைவியும் மூன்று குழந்தைகளும் பிராட்டிஸ்லாவாவில் இருந்தமையால் அவர் திரும்பிப் போனார். தம்பிகள் ஓடிப்போனதற்கான தண்டனையாக, அவர் ஹாக்கி ஆடுவதற்கே அரசு தடை விதித்தது.

பீட்டர் தமது முதல் பருவத்தில் 109 புள்ளிகள் பெற்று, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வென்றார்; புதுமுகங்களுக்கான அந்தச் சாதனை 1992–93 பருவத்தில் ஃபின்லாந்தின் டீமு செலான்னே முறியடிக்கும்வரை நிலைத்தது. அதே மாதங்களில் அண்ணன் தடையின் கீழ் வீட்டில் இருந்தார். 109 என்ற எண்ணை இனி அந்த வீட்டை நினைக்காமல் என்னால் வாசிக்க முடியாது. 1981இல் மரியானும் குடும்பத்தோடு தப்பி வந்து சேர்ந்த பிறகு, மூவரும் ஒரே அணியில் ஆடிய பருவத்தில் பீட்டர் 139 புள்ளிகள் குவித்தார். அவருடைய வாழ்நாளின் உச்சம் அதுவே.

பிப்ரவரி 28

2010இல் இதே நாளில் வான்கூவரில் ஒலிம்பிக் இறுதியாட்டம் நடந்தது. கியூபெக்கில் பிறந்த பீட்டரின் மகன் பால் அமெரிக்காவுக்காக ஆடினார். கனடா 3–2 என்று வென்றது. 1984 கனடா கோப்பையில் தந்தை அணிந்திருந்ததும் அந்தக் கனடாவின் சட்டையையே.

மார்ச் 6

1990இல் இதே நாளில் கியூபெக் அவரை நியூ ஜெர்சி அணிக்குக் கொடுத்துவிட்டது. அந்தப் பருவத்தில் நோர்டிக்ஸ் 80 ஆட்டங்களில் 12ஐ மட்டுமே வென்றது. 1985இல் மான்ட்ரியாலின் சொந்தத் தளத்திலேயே, தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் கோல் அடித்து, அதே மாகாணத்துப் பகையணியைப் போட்டியிலிருந்து வெளியேற்றியவரை அப்படி அனுப்பியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஆனால் அதற்குள் அவர் விட்டுவந்த அரசே வீழ்ந்திருந்தது. 1994இல் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில், ஓராண்டு வயதே ஆன ஸ்லோவாக்கியா என்னும் நாட்டின் கொடியை, 37 வயதில், பீட்டர் ஏந்தி நடந்தார்.