ஒரு பனியனுக்கு 72 கிராம் உப்பு

திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் கலந்து கீழே விவசாயம் கெட்ட விவகாரத்தை வீதி நாடகமாகப் போட நினைப்பவர்கள் வசனம் எழுத உட்காரும் முன் ஒரு சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று பட்டும் படாமலும் எழுதின நாடகத்துக்குத் திருப்பூரிலும் கைதட்டு விழாது, ஆற்றின் கீழ்ப்பக்கம் அணை இருக்கும் ஒரத்துப்பாளையத்திலும் விழாது. அளவு துல்லியமாக இருந்தால்தான் யாரைக் குற்றம் சொல்வது என்று கூட்டத்துக்கே திணறும்.

கணக்கு இது. பருத்தித் துணியில் அடர் நிறம் ஏற்ற லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வையுங்கள். கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர். 150 கிராம் பனியன் ஒன்றுக்கு 1.2 லிட்டர் தண்ணீர், 72 கிராம் உப்பு. உப்பின் வேலை சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளுவது மட்டும்தான். அது துணியில் தங்காது, முழுக்கத் தண்ணீரோடு போய்விடும். ஆரம்பகாலப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன, கரைந்த உப்பை எடுக்கவில்லை. நாடகத்தின் முடிச்சே இங்கேதான். பட்டறைக்காரரும் விவசாயியும் பேசிக்கொள்கிறார்கள்.

"கலரு எடுத்துட்டுத்தானுங்க மாமா உட்டோம். தண்ணி பளிச்சுன்னு இருக்குது பாருங்க."

"பளிச்சுன்னுதான் இருக்குது மாப்ள. தென்னைதான் கருகுது."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இந்த இடத்தில் 72 கிராம் உப்பை எல்லோர் முன்னாலும் தராசில் நிறுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் 1.2 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கல்லுப்பு வேண்டாம், மெதுவாகக் கரையும், மண் இருந்தால் கலங்கும், காட்சியே கெட்டது. தூள் உப்பிலும் சில வகை பால் மாதிரி வெளுக்கும், வீட்டில் ஒருமுறை கரைத்துப் பார்த்துவிடுங்கள். தெளியும் வரை பறைக்காரர் வாசிக்கட்டும். பிறகு முன்வரிசையில் ஒருவரை விரல் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னால் போதும். அவர் முகச்சுளிப்பை எந்த நடிகராலும் கொண்டுவர முடியாது.

பாத்திரங்களுக்குப் பெயர் வைக்காதீர்கள். பெயர் சாதியைச் சொல்லும். சாதி தெரிந்ததும் பாதிக் கூட்டம் தீர்ப்பு எழுதிவிடும். விவசாயம் பார்க்கும் தாத்தா அப்பாரு, பட்டறைக்காரர் மாப்பிள்ளை, அப்பாருவின் பேத்தி அம்மிணி என்று உறவுமுறையே போதும். கரை வேட்டி கூடவே கூடாது, வெறும் வெள்ளை வேட்டி. துண்டின் நிறத்திலும் கவனம் வேண்டும். கட்சிக் கொடிக்கம்பத்தை ஒட்டி ஆடினால் ஐந்து பேர் நாடகத்தில் அந்தக் கம்பமே ஆறாவது நடிகர் ஆகிவிடும். நூறடி தள்ளிப் போங்கள்.

பட்டறைக்காரரைத் தொந்தி வைத்த வில்லனாக்குவது சோம்பேறித்தனம். இந்த ஊர்ப்பக்கம் பலர் தோட்டம் காட்டை விட்டுத் தொழிலுக்கு வந்த குடியானவர்கள்தான். வடக்கிருந்து வந்த கூலிக்காரரைப் பழிகாரராக்கினால் சிரிப்பு சுலபமாகக் கிடைக்கும். அது அதைவிட மோசம்.

இன்னொரு முடிச்சு அம்மிணி. 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் கடைசியில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க வேண்டி வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்பாரு கேட்டது கிடைத்தது. சாயம் ஏறின துணி வராததால் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பேத்திக்கு வாரச் சம்பளம் நின்றது. அவளுக்கு நீளமான வசனம் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் வெறுங்கையோடு வீட்டுக்கு வரட்டும். அப்பாரு சோற்றுத் தட்டை நகர்த்தி வைக்கட்டும்.

மைக் இல்லாமல் ஆடினால் 150 பேருக்கு மேல் காது எட்டாது. ஐந்து நடிகர்கள், 15 அடி வட்டம், 35 நிமிடம். திருப்பூரில் ஞாயிறு சாயங்காலம். கீழே கிராமங்களில் பால் ஊற்றிவிட்டு வந்தபிறகு ஏழு மணி. காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், தேர்தல் சமயத்தைத் தவிருங்கள். முடிந்ததும் பேச விடும்போது பதவியில் இருப்பவரிடம் முதலில் வாய்ப்பைக் கொடுத்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

அந்த உப்புத் தண்ணீரை ஆடின இடத்திலேயே கொட்டாதீர்கள், பக்கத்தில் வேப்பங்கன்று ஏதாவது நிற்கும். மூடி போட்ட கேனில் திரும்ப எடுத்துப் போங்கள். எங்கே கொட்டுவது என்பதைக் குழுவாக முன்பே பேசி வையுங்கள். ஒத்திகையில் அதிக நேரம் பிடிப்பது அந்தப் பேச்சாகத்தான் இருக்கும்.