பந்தைப் பார்க்காமல் பார்த்த ஆட்டங்கள்

பதினொன்றாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகத்தின் வணிகப் பிரிவில் ஆறு வாரம் பயிற்சி மாணவனாக இருந்தேன். விண்ணப்பக் கடிதத்தில் நான் எழுதியிருந்ததை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. கால்பந்தின் மீது எனக்குத் தீராத ஆர்வம் என்று தொடங்கி, பிடித்த வீரர்களின் பட்டியலோடு முடிந்திருந்தது அது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளர் முதல் நாள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எக்செல் தெரியுமா?"

முதல் இரண்டு வாரமும் எனக்குத் தரப்பட்ட வேலை, முடிந்துபோன ஆட்டங்களின் ஒளிபரப்புப் பதிவுகளை ஓடவிட்டு, ஆடுகளத்தைச் சுற்றியுள்ள எல்.இ.டி. பலகைகளில் எந்த விளம்பரதாரரின் பெயர் எத்தனை நொடி தெளிவாகத் தெரிகிறது என்று குறித்துவைப்பது. பெயரில் பாதி மறைந்திருந்தால் கணக்கில் சேராது. கோல்காப்பாளர் குறுக்கே நின்றால் சேராது. கேமரா வேகமாகத் திரும்பும்போது எழுத்துகள் கலங்கினாலும் சேராது. இதையெல்லாம் எண்ணுவதற்கு மென்பொருள் உண்டு என்பதும், அந்த மென்பொருள் சரியாக எண்ணுகிறதா என்று சோதிப்பதற்காகவே என்னை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் நான்காம் நாள்தான் எனக்குத் தெரியவந்தது. இயந்திரத்துக்குக் கண்காணியாக இருப்பதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது.

அப்படி எண்ணியபோது கிடைத்த ஒரு சிறு கண்டுபிடிப்பை இன்னும் மறக்க முடியவில்லை. அந்தக் கழகத்தின் பலகைகள் 30 நொடிக்கு ஒருமுறை மாறும். ஆகவே 90 நிமிட ஆட்டத்தில் 180 முறை. மிகக் குறைந்த தொகை கொடுத்திருந்த நிறுவனத்துக்கு அதில் ஆறு முறை, அதாவது மூன்று நிமிடம் மட்டுமே. கேமரா எப்போதும் பலகையைக் காட்டிக்கொண்டிருப்பதில்லை என்பதால், அந்த மூன்று நிமிடத்தில் முப்பது நாற்பது நொடிதான் திரைக்கு வந்துசேரும். ஆனால் ஓர் ஆட்டத்தில் மட்டும் அது எழுபது நொடியைத் தாண்டியிருந்தது. தவறாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து இரண்டாவது முறையும் ஓடவிட்டுப் பார்த்தேன். நடந்தது இதுதான்: 67ஆம் நிமிடத்தில் கோல் விழுந்தபோது வலைக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது அந்த நிறுவனத்தின் பெயர், மைதானத்தில் பலகை அடுத்த பெயருக்கு மாறிவிட்ட பிறகும், கோலைத் திரும்பத் திரும்பக் காட்டிய பதிவுகளில் பழைய பெயரே நின்றது. இதைச் சொன்னபோது மேலாளர் வியப்படையவில்லை. வலைக்குப் பின்னால் இருக்கும் பலகைக்கு விலை ஏன் அதிகம் என்று இப்போது புரிகிறதா என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் வாரத்தில் நான் செய்த பிழையையும் சொல்லிவிட வேண்டும். செய்தியாளர் சந்திப்புக்கான மேசையை ஒழுங்குபடுத்தும் பணியில் என்னையும் சேர்த்திருந்தார்கள். நாற்காலிகளை நேராக்கி, பின்திரையின் சுருக்கங்களை நீவிவிட்டு, தாகத்துக்குக் குடித்த என் தண்ணீர்ப் புட்டியை மேசை மீதே மறந்துவிட்டு வந்துவிட்டேன். அது கழகத்தின் பானப் பங்காளருக்கு, அதாவது கழகத்துக்குப் பணம் கொடுத்து விளம்பர உரிமை பெற்றிருந்த பான நிறுவனத்துக்கு, போட்டியான நிறுவனத்தின் புட்டி. பயிற்சியாளர் வந்து அமர்வதற்குச் சற்று முன்னர் ஒருவர் ஓடிப்போய் அதை எடுத்துவிட்டார். என்னை யாரும் திட்டவில்லை, ஆனால் அன்று மாலை மேலாளர் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு புட்டிக்கு ஏன் இத்தனை பதற்றம் என்பதை விளக்கினார்.

அவர் ஒலிம்பிக்கிலிருந்து தொடங்கினார். 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக் போட்டியால் ஏற்பட்ட கடனை அடைத்து முடிக்க 2006 வரை ஆனது. அந்த நிலையைக் கண்டு பல நகரங்கள் பின்வாங்கிய காலத்தில், 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் போட்டியை நடத்திய பீட்டர் யூபெராத்தின் குழு 20 கோடி டாலருக்கு மேல் உபரி காட்டியது. தொலைக்காட்சி உரிமையும், ஏற்கெனவே இருந்த அரங்குகளைப் பயன்படுத்தியதும் அதற்குக் காரணங்கள். இன்னொரு காரணம், விளம்பரதாரர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு வகைப் பொருளுக்கு ஒரே நிறுவனம் என்று வரையறுத்து, அந்த ஒற்றை இடத்தைப் பெருந்தொகைக்கு விற்றது. கோடாக் நிறுவனம் விலையை எண்ணித் தயங்கிக்கொண்டிருந்தபோது, புகைப்படச் சுருளுக்கான இடத்தை ஜப்பானின் ஃபுஜி கைப்பற்றிக்கொண்டது. மறுஆண்டே சர்வதேச ஒலிம்பிக் குழு இம்முறையைத் தன் உலகளாவிய திட்டமாக்கியது. விற்கப்படுவது விளம்பர இடம் அல்ல, போட்டியாளர் அங்கே இருக்க மாட்டார் என்ற உறுதிமொழி என்று மேலாளர் சொன்னார். 2010 உலகக் கோப்பையில், நெதர்லாந்து விளையாடிய ஆட்டத்தின்போது, ஒரே மாதிரியான ஆரஞ்சு நிற உடையில் வந்திருந்த பெண்கள் அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டதும் இதே காரணத்தால்தான். அந்த உடை, அதிகாரப்பூர்வப் பங்காளர் அல்லாத ஒரு பீர் நிறுவனத்தின் விளம்பர உத்தி என்று அமைப்பாளர்கள் கருதினர். உடைக்காகப் பார்வையாளரை வெளியேற்றுவது எனக்கு இன்றும் அளவுமீறியதாகவே படுகிறது. ஆனாலும் இப்போதெல்லாம் எந்த மேசையில் புட்டியைப் பார்த்தாலும் முதலில் அதன் ஒட்டுத்தாளைத்தான் பார்க்கிறேன்.

நான்காம் வாரத்தில் சமூக ஊடகப் பிரிவில் இருந்தேன். அங்கே நான் செய்தது பெரும்பாலும் படங்களுக்குப் பெயரிட்டு அடுக்கிவைத்தது மட்டுமே; சொல்வதற்கு அதிகமில்லை.

கடைசி இரண்டு வாரம் சீட்டுப் பிரிவில். ஒரு பருவத்தின் உள்ளூர் ஆட்டங்களுக்கெல்லாம் சேர்த்து வாங்கும் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காதவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்க வேண்டும். திரையில் நான்கு காரணங்கள் கொண்ட பட்டியல் இருந்தது: விலை, அணியின் ஆட்டம், இடமாற்றம், பிற. முதல் அழைப்பில் எனக்குக் குரலே எழவில்லை. எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தேன், எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக, "மெதுவாகச் சொல்லுங்கள் தம்பி" என்றார். பத்துப் பேரிடம் பேசிய பிறகுதான் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். அணி தோற்பதால் வரவில்லை என்று சொன்னவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஒளிபரப்பு நிறுவனத்தின் வசதிக்காக ஆட்டங்கள் இரவு நேரத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டன, ஆட்டம் முடிவதற்குள் கடைசிப் பேருந்து போய்விடுகிறது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த நேரத்தில் எப்படித் திரும்புவது என்று கேட்டவர்கள்தாம் அதிகம். அவர்கள் அனைவரையும் நான் "பிற" என்ற பெட்டிக்குள்தான் போட வேண்டியிருந்தது.

நான் பேசிய 43 பேரில் 19 பேர் அந்தப் பெட்டியில் இருப்பதைத் தனித்தாளில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அவர் அதை இருமுறை படித்தார். ஒளிபரப்பு உரிமையால் வரும் தொகை சீட்டு வருமானத்தைவிடப் பல மடங்கு பெரியது, ஆகவே நேரத்தை முடிவு செய்வது நம் கையில் இல்லை என்றார். காலி இருக்கைகள் திரையில் தெரிந்தால் அந்த ஒளிபரப்பின் மதிப்பும் குறையாதா என்று கேட்டேன். குறையும், அதனால்தான் கேமராவுக்கு நேர் எதிரே உள்ள பகுதியை முதலில் நிரப்பச் சொல்லியிருக்கிறோம் என்று பதில் வந்தது.

நான் விடைபெற்ற நாளில் அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: ஆட்ட நேரம். மேலாளர் என்னை அழைத்துத் திரையில் அதைக் காட்டினார். அடுத்த பருவத்துக்கான அட்டவணையும் அன்றுதான் வந்திருந்தது. முதல் நான்கு உள்ளூர் ஆட்டங்களில் மூன்று, இரவு ஒன்பது மணிக்கு.