பாட்டியின் குரலில் எங்கள் கேள்வி

2023 செப்டம்பரில் பதினொன்றாம் வகுப்பில் கேட்டேன்: "உங்கள் வார்டு உறுப்பினர் யார்?" 42 பேரில் மூன்று பேர்தான் கை தூக்கினார்கள். எம்.எல்.ஏ. பெயரை எல்லோரும் சொன்னார்கள். பென்னாகரம் வட்டாரத்துப் பிள்ளைகள், தங்கள் தெருக்குழாய் யார் பொறுப்பு என்று தெரியாமலே வளர்வதை என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் வகுப்பிலேயே ஒரு தேர்தல் நடத்தினோம். 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலைப் போலவே வண்ணத் தாளை வெட்டினோம். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். "ஒரு ஆளுக்கு நான்கு ஓட்டா, டீச்சர்?" என்று கேட்டவர்களே அதிகம்.

அடுத்தது அக்டோபர் 2 கிராம சபை. கட்சிப் பேச்சு கூடாது என்பது தலைமையாசிரியரின் நிபந்தனை. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பதினொரு பேரை அழைத்துப் போனேன்.

என்ன கேட்பது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. எங்கள் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். வகுப்பில் சிரித்தால் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை தெரியும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் கிராம சபை நடந்த ஊரில் ஒகேனக்கல் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் ஒரே தொட்டியில் ஏற்றிக் கலந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு காவிரித் தண்ணீர் வந்து என்ன பயன்?

கேள்வியை எழுதி வைத்திருந்த மாணவி எழுந்தபோது, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் சபை உறுப்பினர்கள் என்று சொல்லி உட்காரச் சொன்னார்கள். சட்டப்படி அது சரிதான். அவள் முகம் வாடியதைப் பார்த்து நானும் தடுமாறிவிட்டேன். அப்போது முன்வரிசையில் இருந்த அவளுடைய பாட்டி, "எனக்கு ஓட்டு இருக்கிறது. நீ படி கண்ணு, நான் சொல்கிறேன்" என்று எழுந்தார். பேத்தி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பாட்டி அதை உரக்கச் சொன்னார். நடுவில் தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்: முழங்கால் மடங்காமல் தான் படும் வேதனையை.

பார்க்கலாம் என்று பதில் வந்தது. பாட்டி உட்காரவில்லை. "தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதியதை என் பேத்தி படித்துக் காட்டட்டும்." எழுதினார்கள். அவள் படித்தாள். கூட்டம் அமைதியாகக் கேட்டது. இருபது ஆண்டுகளாகக் குடிமையியல் நடத்துகிறேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடான பாடத்தை நான் ஒருநாளும் நடத்தியதில்லை.

ஜனவரி 26 கிராம சபைக்கு யாரும் அழைக்காமலே பத்தொன்பது பேர் வந்தார்கள். தனித் தொட்டி இன்னும் வரவில்லை. ஆனால் ஒகேனக்கல் தண்ணீரைத் தனியாகத் திறந்துவிடும் நாட்களை டேங்க் ஆபரேட்டர் தொட்டிச் சுவரில் எழுதத் தொடங்கியிருந்தார். அந்த நாளில் பெண்கள் குடிக்கத் தனிக் குடம் வைக்கிறார்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க, 17 வயது முடிந்ததுமே படிவம் 6 கொடுக்கலாம் என்பதை அந்த மாணவிதான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு வாக்காளர் அட்டை வருவதற்குள், 2025 ஜனவரி 5-இல் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து, புதிய தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அட்டை கைக்கு வந்த அன்று என்னிடம் காட்டிவிட்டு அவள் கேட்டாள்: "இளஞ்சிவப்புச் சீட்டு எப்போது தருவார்கள், டீச்சர்?"