ரிமோட் போட்டின் உடைந்த அடிப்பாகத்துக்கு ஒட்டு போட்ட கதை

உப்பனாற்றில் ஓட்டிக்கொண்டிருந்தபோது சுக்கானை இழுக்கிற கம்பி கழன்றுபோய், போட் முழு வேகத்தில் கரையோரக் கருங்கல்லில் ஏறிவிட்டது. பைபர் போட், 66 செ.மீ. நீளம், அடித்தகடு 1.5 மி.மீ. தடிமன்தான். வலது பக்கம் அடியும் பக்கச்சுவரும் சேருகிற மூலையில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது.

கண்ணுக்குத் தெரிகிற பிளவோடு சேதம் நின்றுவிடாது. மோட்டார், பேட்டரி எல்லாம் கழற்றி, உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு, ஒரு ரூபாய் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று வந்தது, பிளவைத் தாண்டி இரண்டு செ.மீ. வரைக்கும் மொத்தையாக இருந்தது. உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் அதே இடத்தில் பைபர் வெளுத்திருக்கிறது. அதாவது கண்ணாடி இழைக்கும் அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கிற ரெசின் பிசினுக்கும் இருந்த பிடிப்பு விட்டுப்போய்விட்டது, அவ்வளவையும் தேய்த்து எடுத்தே ஆகவேண்டும்.

கடலூர் முதுநகரில் மீன்பிடி போட்டுக்கு பைபர் வேலை செய்கிற அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஓட்டை எவ்ளோ பெருசுன்னு பாக்காத, சுத்தி எவ்ளோ தேய்க்கிறன்னு பாரு" என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம் இதுதான். ஒட்டு நிற்பது ஓட்டையில் இல்லை, சுற்றிச் சரிவாகத் தேய்த்த பரப்பில். தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு கொடுப்பது வழக்கம், என் கணக்குக்கு எல்லாப் பக்கமும் 18 மி.மீ. வந்தது. 80 நம்பர் உப்புத்தாளில் உள்பக்கமாகத் தேய்த்தேன். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம், கண்ணாடி இழைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது, தோலில் பட்டால் அரிப்பும் லேசில் போகாது. கடைசியாக அசிட்டோனால் துடைத்தேன்.

ரெசின் விஷயத்தில் மட்டும் அண்ணன் சொன்னபடி செய்யவில்லை. அவர் பாலியெஸ்டர் ரெசினும் மேட்டும் (நறுக்கிய இழைகளைப் பசையால் கோத்த விரிப்பு) போடச் சொன்னார், பெரிய படகுக்கு அது சரி, விலையும் கட்டுப்படியாகும். இவ்வளவு மெல்லிய தகட்டில், பழைய பைபர் மேல் பிடிக்க எபாக்ஸி ரெசின்தான் நல்லது, இறுகும்போது சுருங்குவதும் குறைவு. எபாக்ஸிக்கு மேட் சரிப்படாது, மேட்டைக் கோத்திருக்கிற பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகவே போட்டது. அதனால் நெய்த கண்ணாடி இழைத் துணிதான் வாங்கினேன், சதுர மீட்டருக்கு 200 கிராம் ரகம்.

வெளிப்பக்கம் வழவழப்பான பிளாஸ்டிக் தாளை இழுத்துப் பிடித்து டேப் ஒட்டிவிட்டு, உள்ளேயிருந்து துணியை அடுக்கினேன். பெரிய துண்டு முதலில், போகப்போகச் சின்னது, மொத்தம் ஆறு அடுக்கு. கடலூர் வெயிலில் எபாக்ஸியைக் கிண்ணத்தில் மொத்தமாகக் கலந்து வைத்தால் அதுவே சூடேறிச் சீக்கிரம் கெட்டிப்பட்டுவிடும், 10 டிகிரி ஏறினால் வேலை செய்யக் கிடைக்கிற நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே காலையிலேயே ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பிவைத்துக்கொண்டேன். இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படிந்திருந்தது, கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு இது வரும். தேய்ப்பதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் கழுவினாலே போய்விடும், கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், அதன்மேல் அடிக்கிற பெயின்டும் பிடிக்காது.

அப்புறம் அந்த மூலை. எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான், ஆனால் பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை. வேகமாக ஓடுகிற போட்டில் தண்ணீர் அந்த விளிம்பில் சட்டென்று பிரிந்து போகவேண்டும். விளிம்பு மழுங்கியிருந்தால் தண்ணீர் வளைந்து பக்கச்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறும், போட்டைக் கீழே இழுக்கும், வேகமும் போய்விடும். அடிப்பக்கத்தில் டேப் ஒட்டி அதை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டிவிட்டு, எபாக்ஸியில் சிலிக்கா தூள் கலந்து பக்கவாட்டில் நிரப்பினேன். மைக்ரோ பலூன் (உள்ளே வெற்றிடமான நுண்ணிய உருண்டைகளின் தூள்) கலந்தால் தேய்க்கச் சுலபம், ஆனால் விளிம்புக்கு அது பலம் போதாது. காய்ந்ததும் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு ஸ்கேலை நெடுக வைத்து, எதிரே வெளிச்சத்தில் பார்த்து மேடு பள்ளத்தைச் சரி செய்தேன்.

முதலில் போட்டுக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. தொட்டியில் மிதக்கவிட்டபோது வலது பக்கம் லேசாகச் சாய்ந்தது, ஒட்டின் எடைதான். பேட்டரியை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தியதும் நேரானது. ஆற்றில் இப்போது முழு வேகத்திலும் ஒரு பக்கமாக இழுக்காமல் ஓடுகிறது. சுக்கான் கம்பியின் திருகு மறுபடி கழலாமல் இருக்க லாக்டைட் பசை போட்டிருக்கிறேன். இனி பெயின்ட் பாக்கி, வெயில் பட்டால் எபாக்ஸி கெட்டுவிடும் என்பதால் ஒட்டுப் போட்ட இடத்தை அப்படியே விட்டுவைக்க முடியாது.