திருநீற்றின் குளிர்ச்சி தெரியாத தோள்

காரைக்குடி வீட்டுப் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்க ஏணியில் ஏறிய அப்பச்சி, கால் வழுக்கியதும் தலைக்கு மேலிருந்த தேக்கு உத்தரத்தை வலக்கையால் பற்றிக்கொண்டார். உடலின் பாரம் முழுவதும் அந்த ஒரு கையில் தொங்கியது. நாங்கள் அவரைத் தாங்கி இறக்கிய பிறகும், முழங்கை மடங்கி, உள்ளங்கை தலைமேல் படிந்தவாறு கை அப்படியே நின்றுவிட்டது. கையை இழுத்து இறக்கிவிடலாம் என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். ஆத்தா யாரையும் தொட விடவில்லை.

தோள் மூட்டு பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் விலகும். அப்பச்சிக்கோ மேற்கை எலும்பின் தலை கிண்ணத்திலிருந்து நேர் கீழாக நழுவி, நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்லும் அக்குளில் இறங்கியிருந்தது. தோள் விலகல்களில் இவ்வகை 100-ல் ஒன்றுக்கும் குறைவு. மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, கை நின்ற திசையிலேயே மேல்நோக்கி இழுத்தபடி, தோளின் மேல் போட்ட துணியை எதிர்ப்பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ள, மூட்டைச் சேர்த்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. மணிக்கட்டு நாடியும் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, குழைத்த திருநீற்றை இடக்கையால் வலது மேற்கையில் பூசியவர், "ஈரமே தெரியலையே" என்றார். தோளுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், உள்ளங்கையளவு இடம் மரத்திருந்தது. தோளின் உருண்டையான தசைக்குச் செல்லும் அக்குள் நரம்பு அடிபட்டிருந்ததே காரணம். மூட்டைச் சேர்ப்பதற்கு முன் அந்த இடத்தின் உணர்ச்சியை யாரும் சோதிக்கவில்லை, சோதித்ததாக டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒரு வரி இல்லை. ஆகவே நரம்பு அடிபட்டது உத்தரத்தில் தொங்கியபோதா, மூட்டைச் சேர்க்க இழுத்தபோதா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. இது எனக்கு ஆறாத வருத்தம். தோல் உணர்ச்சி சரியாக இருந்தாலும் தசை செயலிழந்திருக்கக்கூடும் என்பதால், மூட்டைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டையும் பார்த்து எழுதிவைக்குமாறு உடன் செல்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நரம்புப் பரிசோதனையை உடனே செய்தால் சேதத்தின் அளவு சரியாகத் தெரியாது என்று மூன்று வாரங்களுக்குப் பிறகே செய்தார்கள். அறுந்த நரம்பிழை வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையின்றியே குணமாகிவிடும்; மூன்று முதல் ஆறு மாதங்களில் அசைவே திரும்பாவிட்டால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். அதுவரை மூட்டு இறுகிப்போகாதபடி, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தவாறு, இடக்கையால் வலக்கையைத் தாங்கி உயர்த்தும் பயிற்சியை அப்பச்சி நாள்தோறும் செய்கிறார்.

இது நான்காவது மாதம். தோளின் உருண்டை இன்னும் வற்றித்தான் இருக்கிறது. ஆனால் நேற்று அவர் கையை விலாவிலிருந்து ஒரு சாண் விலக்கியபோது, தோளில் வைத்திருந்த என் விரல்களின் கீழ் அந்தத் தசை மெல்ல இறுகியது.