கடிதம் வரும் வரை

நவம்பர் 3, 2023, வெள்ளி

பரிசோதனை முடிவைப் போனில் சொல்ல மாட்டார்களாம். மெயிலும் கிடையாது. கடிதத்தில்தான் வருமாம். ஜெர்மனியில், டிரெஸ்டனில் உட்கார்ந்து தபால்காரருக்காகக் காத்திருப்பேன் என்று யார் நினைத்தது?

நவம்பர் 5, ஞாயிறு

கீழ்வீட்டுப் பெரியவர் மூன்று ஆல்பங்களைச் சுமந்துகொண்டு படியேறி வந்தார். வயது 84. மூச்சு வாங்கியது. "படுத்தே கிடக்கிறீர்கள், இதையாவது பாருங்கள். விரல் படக்கூடாது" என்று ஒரு சாமணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் ஆல்பம் முழுக்க 1923. ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் நுழைந்தன. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்க அரசு நோட்டை அச்சடித்துத் தள்ளியது. ஜனவரி கடைசியில் வெளியூர்க் கடிதத்துக்கு 50 மார்க். நவம்பர் 5 அன்று, அதாவது நூறு வருஷத்துக்கு முன் இதே தேதியில், 100 கோடி மார்க்! பழைய ஸ்டாம்ப் மேலேயே புதுத் தொகையைக் கறுப்பாக அச்சடித்திருக்கிறார்கள். ஒரு உறையின் பின்பக்கம் முழுக்க ஸ்டாம்ப். ஒட்ட இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. கடிதத்தைவிட கோந்துதான் எடை அதிகம் போல.

நவம்பர் 7, செவ்வாய்

பீட்சா விளம்பரம் மட்டும்.

நவம்பர் 9, வியாழன்

பெர்லின் சுவர் திறந்த நாள். 1990-இல் அதற்காக வெளியான ஸ்டாம்ப் பெரியவரிடம் இருக்கிறது, பிராண்டன்பர்க் வாசல் படத்தோடு. அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. எனக்கும் தையல் போட்ட இடம் இழுத்தது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அம்மா வீடியோவில் வந்தாள். "என்ன முகம் வாடிக் கிடக்கு, எண்ணெய் தேச்சுக் குளிச்சியா?" குளித்தேன் என்றேன். பொய். இங்கே குளிர் 4 டிகிரி, காயத்தில் தண்ணீர் படக்கூடாது. அவளுக்கு எதுவும் தெரியாது.

1923-இல் இதே தேதிக்கு ஒரு கடிதம் 1,000 கோடி மார்க். ஒரே வாரத்தில் பத்து மடங்கு.

நவம்பர் 14, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. மணி 2.

இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பக்கம். 12 பெனிக் (மார்க்கின் காசு) ஸ்டாம்ப், சிவப்பு, ஹிட்லரின் தலை. ஆனால் தலை இல்லை, கறுப்பு மை. மே 1945-இல் இந்த சாக்சனி மாநிலத்தின் பல ஊர்த் தபால் நிலையங்களில் இப்படித்தான் செய்தார்களாம். ஆட்சி போய்விட்டது, வேறு ஸ்டாம்ப் அச்சாகவில்லை, இருப்பில் உள்ளதில் எல்லாம் அந்த மூஞ்சி. தூக்கிப்போடவும் முடியாது, அப்படியே விற்கவும் முடியாது. சரி, மையைப் பூசு! கார்க்கால், கட்டைவிரலால், கையில் கிடைத்ததால்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மையின் ஓரத்தில் ரேகை இருக்கிறது. வளைந்து வளைந்து மூன்று கோடு. மைக்கு அடியில் காது மட்டும் தெரிகிறது. மீசை இருந்த இடத்தில் மை கெட்டி. அங்கே இரண்டு தரம் அழுத்தியிருக்க வேண்டும்.

யாருடைய விரல்? ஆறு மாதம் முன்புவரை அதே கவுன்டரில் நின்று வலது கையை நீட்டி வணக்கம் சொன்னவருடையதாகவும் இருக்கலாம்.

நவம்பர் 15, புதன்

பெரியவரிடம் கேட்டேன். போலி நிறைய உண்டாம், போருக்குப் பிறகு சேகரிப்பாளர்களுக்கென்றே பூசி விற்றிருக்கிறார்கள். "உங்களுடையது?" "நிபுணரிடம் அனுப்பினால் சான்றிதழ் தருவார். நான் அனுப்பவில்லை." தெரிந்துகொள்ள ஆசை இல்லையா என்றேன். தேநீரைக் குடித்துவிட்டுக் கீழே போனார்.

அனுப்பாமல் இருந்திருக்கலாம். நானும்தான்.

நவம்பர் 17, வெள்ளி

இந்த ஊரின் ஸ்டாம்ப் ஒன்று: ஜூன் 23, 1945. நாலு மாதம் முன்பு, பிப்ரவரியில், குண்டு விழுந்து எரிந்த ஊர். அதே 12 பெனிக், அதே சிவப்பு, தலைக்குப் பதில் பெரிய எண். மேலே ரஷ்ய எழுத்தில் 'போச்தா', தபால் என்று. வெளியிட்ட அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பெரியவரிடம் அது இல்லை, படம் மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார். அந்தக் காலி இடத்தைக் காட்டும்போது மட்டும் சிரிக்கிறார்.

நவம்பர் 19, ஞாயிறு

மூன்றாவது ஆல்பம். மறுபடியும் கறுப்பு.

1965-இல் மேற்கு ஜெர்மனி ஒரு 20 பெனிக் ஸ்டாம்ப் போட்டது. போருக்குப் பின் கிழக்குப் பகுதிகளிலிருந்து ஜெர்மானியர்கள் துரத்தப்பட்டதன் இருபதாம் ஆண்டு நினைவு. கிழக்கு ஜெர்மனிக்கு 'துரத்தல்' என்ற அந்தச் சொல்லே ஆகாது. ஒட்டிய கடிதங்களைத் திருப்பி அனுப்பினார்கள், இல்லையென்றால் ஸ்டாம்பை மறைத்துப் பூசினார்கள். பெரியவரின் அத்தை மேற்கிலிருந்த கொலோனிலிருந்து எழுதிய உறையில் அப்படி ஒரு கட்டம். இதில் ரேகை இல்லை. பிரஷ். ஒழுங்கான, ஓரம் தாண்டாத பூச்சு. கட்டைவிரலே தேவலை.

உள்ளே என்ன எழுதியிருந்தாள் என்று கேட்டேன். பிளம் கேக் செய்முறையாம்.

நவம்பர் 20, திங்கள்

1923-இல் இதே தேதிக்கு 2,000 கோடி. பெட்டி காலி.

நவம்பர் 22, புதன்

இன்று விடுமுறை. பிராயச்சித்த நாள், ஜெர்மனியில் சாக்சனியில் மட்டும்தான் விடுமுறை! தபால் இல்லை. பிராயச்சித்தம் எனக்கு மட்டும்.

வலது கட்டைவிரலில் பேனா மையைத் தொட்டுக் காகிதத்தில் அழுத்திப் பார்த்தேன். நாலு கோடு. கழுவியும் போகவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

வந்துவிட்டது. உறையில் ஸ்டாம்ப் இல்லை, நீல நிறத்தில் மெஷின் முத்திரை. பெரியவர் இதையெல்லாம் சேர்க்க மாட்டார்.