சாமி காட்டு உசிலை

மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமி கோயில்காட்டுக்குச் சென்ற வாரம் பொங்கல் வைக்கப் போயிருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தபோது, காற்றில் முறிந்த உசிலைக் கிளை ஒன்று பாதையை மறித்துக் கிடந்தது. விறகை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துவந்திருந்த எங்களில் ஒருவரும் அதைத் தொடவில்லை. பட்டை உரிந்து, கரையான் மண் ஏறி, அது அங்கேயே மக்கும். "சாமி சொத்துடா, சுள்ளிகூட எடுக்கக் கூடாது" என்பார் அப்பத்தா. இத்தனைக்கும் உசிலையின் இலையை உலர்த்தி இடித்தால்தான் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. அதையும் நாங்கள் கடையில்தான் வாங்குகிறோம்.

நத்தம் அருகே, அழகர்மலையை ஒட்டிய காசம்பட்டி வீரகோயில் காடும் உசிலை மிகுந்ததுதான். 4.97 ஹெக்டேர் பரப்புள்ள அதனை, 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கு அடுத்து, தமிழகத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2025இல் அரசு அறிவித்தது. மகிழ்ச்சிதான், ஆனால் அரசாணை வரும்வரை அதனைக் காத்து நின்றவை சாமி பயமும் ஊர்க் கட்டுப்பாடுமே.

அந்தப் பயம் குறைந்துவருவதுதான் எனக்குக் கவலை. எங்கள் காட்டில் சில மரங்களை வெட்டிவிட்டுச் சிமெண்டுத் தளமும் தகரக் கொட்டகையும் போட்டுத்தர, நேர்த்திக்கடனாக ஒருவர் முன்வந்தார். பூசாரி பூப்போட்டுப் பார்த்தார், உத்தரவு வரவில்லை.